வெள்ளோட்டத்திலேயே சாமி ஏறினால்

2021 ஜூன் 17. கொரோனா இரண்டாம் அலையின் ஊரடங்கு மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ பொதுத்தேர்வை அரசு ரத்து செய்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ஆன்லைன் வகுப்புக்காகக் கடன்பட்டாவது வாங்கிக் கொடுத்த போன்கள் பிள்ளைகள் கையில் இருந்தன. அன்றைக்குச் செல்லூர், அனுப்பானடி, வில்லாபுரம் என்று மதுரையின் எந்தத் தெருவில் நின்று காதுகொடுத்தாலும் பையன்களுக்குள் ஓடிய பேச்சு ஒன்றுதான்.

“மாப்ள, உனக்கு வந்துருச்சா?”

“பீட்டா ஃபுல்லுன்னு காட்டுதுடா.”

“எங்க மாடி வீட்டு அண்ணனுக்கு வந்துருச்சு. ரெண்டு மேட்ச் ஆடி முடிச்சிட்டாரு.”

வந்தது ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’. சுருக்கமாக பிஜிஎம்ஐ. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி இந்திய அரசு தடை செய்த பப்ஜி மொபைலின் இடத்தில், தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் இந்தியாவுக்கென்றே கொண்டுவந்த விளையாட்டு. அன்று திறந்தது முறையான வெளியீடு அல்ல, ‘ஓபன் பீட்டா’. சோதனைக்காக எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுவது. ஆனால் கதவுக்குள் நுழைய கூகுள் ப்ளே ஸ்டோரில் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு இருந்தது. இடம் நிரம்பியதும் கதவு சாத்திக்கொள்ளும். நிறுவனம் கொஞ்சம் கூட்டிவிட்டால் மறுபடி திறக்கும். மணிக்கொரு தரம் ப்ளே ஸ்டோரைத் திறந்து பார்ப்பதே சிலருக்கு வேலையாகிப் போனது.

பதினைந்து நாள் கழித்து, ஜூலை 2-ஆம் தேதி, ஆண்ட்ராய்டு போன்களுக்கு அதிகாரபூர்வ வெளியீடு நடந்தது. மாடி வீட்டு அண்ணனுக்கு அன்றைக்குப் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஏற்கெனவே போனில் கிடந்த ஆப்பை அப்டேட் செய்தார். விட்ட இடத்திலிருந்து ஆடினார்.

அப்படியானால் அந்த நாளுக்கு என்ன பொருள்? எல்லோரும் ஆடத் தொடங்கிவிட்ட விளையாட்டுக்கு ‘இன்று வெளியீடு’ என்று அறிவிப்பது வெறும் விளம்பரமா, இல்லை அதில் ஏதாவது சரக்கு இருக்கிறதா?

பீட்டா என்ற கிரேக்க எழுத்தின் பெயர்தான் புதிது. காரியம் மதுரைக்காரர்களுக்குப் பழகியது. புதுத்தேர் செய்தாலோ பழைய தேரைச் செப்பனிட்டாலோ அதை நேரே திருவிழாவுக்கு இழுத்துவிட மாட்டார்கள். முதலில் வெள்ளோட்டம். வடம் தாங்குகிறதா, அச்சு முனகுகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா, வீதி முக்கில் திரும்புகிறதா என்று ஓட்டிப் பார்ப்பார்கள். அதே தேர், அதே வீதி, அதே வடம். தேரில் சாமி மட்டும் இருக்காது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறி மாசி வீதிகளைச் சுற்றும்போதுதான் அது தேரோட்டம்.

ஆன்லைன் விளையாட்டில் அந்தச் சாமி எது என்பதுதான் கேள்வி. ஆடுபவரின் பணம், அவர் இரவு பகலாக ஆடிச் சேர்த்த லெவல், இவை இரண்டுக்கும் நிறுவனம் ஏற்கும் பொறுப்பு. இவை ஏறியிருந்தால் காலண்டரில் தேதி எதுவாக இருந்தாலும் தேரோட்டம் தொடங்கிவிட்டது. ஏறவில்லை என்றால் தெரு நிறையக் கூட்டம் நின்றாலும் அது வெள்ளோட்டம்தான்.

வெள்ளோட்டம் வேண்டவே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பிஜிஎம்ஐ ஓட ஆண்ட்ராய்டு 5.1.1, இரண்டு ஜிபி ரேம் இருந்தால் போதும் என்று அறிவித்திருந்தார்கள். இந்தியாவில் அந்த வரையறைக்குள் எத்தனை கம்பெனி, எத்தனை மாடல் போன்கள்! அலுவலகத்தில் பத்துப் பதினைந்து புதுப் போன்களை வைத்து ஆடிப் பார்த்தால் எதுவும் தெரியாது. மேலூர்ப் பக்கம் வயல்காட்டில் ஒரு கோடு சிக்னலில், திரை கீறல் விட்ட நாலு வருடப் பழைய போனில் ஒருவன் ஆடும்போதுதான் ஆப் எங்கே தடுமாறுகிறது, பாராசூட்டில் இறங்கும்போது ஏன் ‘லேக்’ அடிக்கிறது, சூட்டில் போன் எப்போது தானாக அணைகிறது என்பதெல்லாம் வெளியே வரும். சோதனைக்கூடத்தில் கிடைக்காத இந்தத் தகவலை லட்சக்கணக்கானவர்கள் ஆடி ஆடியே கொடுத்துவிடுகிறார்கள். சம்பளம் இல்லாத வேலை என்றாலும், முதல் ஆளாக ஆடிப் பார்த்த பெருமை அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பிஜிஎம்ஐ பீட்டாவில் இன்னொரு பெரிய கோளாறும் வெளியே வந்தது. திறந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. விளையாட்டிலிருந்து சில தரவுகள் சீனாவிலுள்ள சர்வர்களுக்குப் போவதாக ஊடகத்தில் செய்தி வந்தது. சீனத் தொடர்பைக் காரணம் காட்டித்தான் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டிருந்தது என்பதால் விஷயம் பற்றிக்கொண்டது. நிறுவனம் உடனே ஒரு அப்டேட் விட்டு, விளக்கமும் கொடுத்தது. முறையான வெளியீட்டுக்கு முன்னால், வெளியாள் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கொடுத்தது அந்தப் பதினைந்து நாள்தான். வெள்ளோட்டத்தில் அச்சு முறிவது அவமானம் அல்ல. அதற்காகத்தானே ஓட்டுகிறார்கள்.

வெள்ளோட்டமே இல்லாமல் தேரை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆண்டில் ஒரு சாட்சி உண்டு. பப்ஜி தடையான இரண்டே நாளில் நடிகர் அக்ஷய் குமார் அறிவித்த ‘ஃபாஜி’, பெங்களூரின் என்கோர் கேம்ஸ் வெளியிட்ட விளையாட்டு. 2021 ஜனவரி 26, குடியரசு தினம் என்று நாள் குறித்துவிட்டார்கள். முன்பதிவு செய்தவர்கள் மட்டும் 40 லட்சத்துக்கு மேல். நாள் வந்தது, கொடி ஏறியது, விளையாட்டும் வந்தது. திறந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். எல்லோரும் எதிர்பார்த்த பலர் சேர்ந்து மோதும் ஆட்டம் அதில் இல்லை. தனியாக ஆடும் கதை மட்டுமே இருந்தது. ப்ளே ஸ்டோரில் நாலரை நட்சத்திரத்துக்கு மேல் இருந்த மதிப்பெண் சில நாளில் மூன்றை ஒட்டி இறங்கியது. அதே பெயரில் அடுத்து வந்த ‘ஃபாஜி: டாமினேஷன்’ பாடம் கற்றுக்கொண்டு வந்தது போலிருந்தது. 2024 டிசம்பரில் பீட்டா, 2025 ஜனவரி 30-இல் வெளியீடு.

நட்சத்திரம் என்றதும் இங்கே சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. பெற்றோர் பலருக்கு இது தெரியாது. ப்ளே ஸ்டோரில் பீட்டாவாக இருக்கும் ஆப்புக்கு, அதை ஆடிப் பார்த்தவர் பொதுவில் விமர்சனம் எழுத முடியாது. எழுதினால் அது நிறுவனத்துக்கு மட்டும் தனியே போய்ச் சேரும். ‘பிள்ளைக்கு இது ஆகாது’, ‘காசு போச்சு, கேட்டால் பதில் இல்லை’ என்று ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்க வழியில்லை. அதிகாரபூர்வ வெளியீடு வந்தபிறகுதான் ஊர் வாய் திறக்கிறது. வெளியீடு என்பது வெறும் சடங்கு என்று சொல்பவர்கள் இந்த ஒரு காரணத்தையாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தின் கதை வேறு. ஜூலை 2-க்குப் பிறகு ஒரே வாரத்தில் 3.4 கோடிப் பேர் பதிவு செய்ததாகவும், ஒரு நாளில் 1.6 கோடிப் பேர் வரை ஆடியதாகவும், ஒரே நேரத்தில் உச்சமாக 24 லட்சம் பேர் உள்ளே இருந்ததாகவும் கிராஃப்டான் கணக்குச் சொன்னது. பீட்டாவில் இடம் கிடைக்காமல் ப்ளே ஸ்டோரைத் திறந்து திறந்து மூடியவர்களுக்கு வெளியீடுதான் முதல் நாள். ஐபோன் வைத்திருந்தவர்கள் ஆகஸ்ட் 18 வரை காத்திருந்தார்கள். ஒரு கோடி ரூபாய்ப் பரிசோடு நாடு தழுவிய போட்டியை அறிவித்ததும் வெளியீட்டுக்குப் பிறகுதான். பரிசுப் பணத்தை வைத்து ஆடுகிற களத்தில் ‘இது இன்னும் சோதனை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் போட்டி ஆட்டக்காரர்களுக்கு அந்தத் தேதி நிஜமானது.

ஆனாலும் கூட்டத்தை எந்த வெள்ளோட்டமும் முழுக்க அளந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2012 ஏப்ரலில் ஒரு வாரக் கடைசி முழுக்க ‘டயாப்லோ 3’ விளையாட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டுச் சோதித்தது. மே 15-இல் வெளியீடு. அன்று காசு கொடுத்து வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் ‘எரர் 37’ என்ற வாசகத்தையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனி ஆளாக ஆடினாலும் இணையத்தில் இருந்தாக வேண்டும் என்று வடிவமைத்த விளையாட்டு அது. சர்வர் திணறியதும் எல்லோரும் வெளியே. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் வைகைக்கரையில் நிற்கும் கூட்டத்தை, முந்தின வாரம் அதே இடத்தில் நூறு பேரை நிறுத்திக் கணக்கிட முடியுமா?

இதுவரை சொன்னதெல்லாம் வெளியீட்டுக்கு ஆதரவான பக்கம். மறுபக்கம் கொஞ்சம் கசப்பானது.

பிஜிஎம்ஐ பீட்டாவில் ஆடியவர்களின் கணக்கும், அவர்கள் வாங்கிய பொருட்களும் இறுதிப் பதிப்பில் அப்படியே இருக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. ஆடுபவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் அதற்குள் இருக்கும் இன்னொரு பொருளையும் பார்க்க வேண்டும். ஜூன் 17-இலிருந்தே கல்லாப்பெட்டி திறந்திருந்தது. வெள்ளோட்டத்திலேயே சாமி ஏறிவிட்டது.

தெருமுனை ரீசார்ஜ் கடையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். அரைக்கால் சட்டைப் பையன் ஒருவன் வியர்த்த கையில் மடித்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறான். “அண்ணே, ரிடீம் கோடு.” கடைக்காரர் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோடு ஒன்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். பையன் கடை வாசலிலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறான். ஓவா, பூஜ்யமா என்று ஒரு இடத்தில் சந்தேகம் வந்து திரும்பக் கேட்கிறான். பச்சை நிற டிக் விழுந்ததும் அவன் முகம் மலர்கிறது. நூறு ரூபாய் ‘யூசி’ என்ற விளையாட்டுக் காசாக மாறி, ஒரு சட்டையாகவோ துப்பாக்கிக்கு ஒரு வண்ணமாகவோ ஆகிவிடுகிறது. அந்த நூறு ரூபாய்க்கு பீட்டா, வெளியீடு என்ற வித்தியாசம் தெரியாது. அவன் அம்மா பூக்கட்டியோ அப்பா லோடு இறக்கியோ சம்பாதித்த முழுப்பணம் அது.

இந்த இடத்தில் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ரயட் கேம்ஸின் ‘வாலரன்ட்’ 2020 ஏப்ரல் 7-இல் குறிப்பிட்ட சிலருக்கான பீட்டாவாகத் தொடங்கியது. ஜூன் 2-இல் வெளியீடு. அன்று பழைய கணக்குகளில் சேர்ந்திருந்த லெவல்களைத் துடைத்துவிட்டு எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். பீட்டாவில் போட்ட பணத்துக்கு ஈடான விளையாட்டுக் காசை 20 சதவீதம் கூடுதலாகச் சேர்த்துத் திருப்பித் தந்தார்கள். வெள்ளோட்டம் எங்கே முடிந்தது, தேரோட்டம் எங்கே தொடங்கியது என்பதில் குழப்பமே இல்லை. அப்படிப்பட்ட விளையாட்டுக்கு வெளியீட்டு நாள் உண்மையான தொடக்கம்.

எதிர்ப்பக்கத்தில் ‘ஃபோர்ட்நைட்’. 2017 செப்டம்பர் 26-இல் அதன் ‘பேட்டில் ராயல்’ ஆட்டம் ‘எர்லி ஆக்சஸ்’ என்ற பெயரோடு வந்தது. பீட்டாவின் உடன்பிறப்பு அது: இன்னும் முடியவில்லை, ஆனால் ஆடலாம், காசும் போடலாம். அந்தப் பெயரை எடுத்தது 2020 ஜூன் இறுதியில்தான். இடைப்பட்ட 2018, 2019 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்த விளையாட்டு 900 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது பின்னால் ஒரு நீதிமன்ற வழக்கில் தாக்கலான ஆவணங்களில் தெரியவந்தது. 2019 ஜூலையில் நியூயார்க்கில் அதன் உலகக் கோப்பையே நடந்துவிட்டது. மொத்தப் பரிசு 3 கோடி டாலர். உலகக் கோப்பை நடத்தி முடித்த ஆட்டத்தை இன்னும் ஒரு வருடம் ‘சோதனையில் இருக்கிறது’ என்றார்கள்.

பப்ஜியின் கணினிப் பதிப்பும் இதே பாதையில் வந்ததுதான். 2017 மார்ச்சில் எர்லி ஆக்சஸ். டிசம்பரில் முறையான வெளியீடு வருவதற்குள் 2 கோடிப் பிரதிக்கு மேல் விற்றுத் தீர்ந்திருந்தது. விளையாட்டு உலகத்துக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை இது. நம்மில் பலர் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிய ஜிமெயில், 2004 ஏப்ரல் 1-இல் தொடங்கி 2009 ஜூலை வரை ஐந்து வருடத்துக்கு மேல் பீட்டா என்ற சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. ஜிமெயிலில் யாரும் பணம் கட்டவில்லை, பரவாயில்லை. விளையாட்டில் கட்டுகிறார்கள். அதனால்தான் அந்த லேபிள் அங்கே கூடுதல் ஆபத்தானது. கணக்கு தொலைந்தால், வாங்கிய பொருள் காணாமல் போனால், ‘இது பீட்டா, இப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலுக்கு அது இடம் கொடுக்கிறது. காசு கொடுத்துப் பெறும் சேவையில் குறை இருந்தால் கேட்கும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தருகிறது. சோதனைப் பதிப்புக்கு விலக்கு என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

திறப்பு நாள் மட்டும் இல்லை, மூடும் நாளும் இந்த உலகில் மங்கலாகத்தான் இருக்கிறது. மதுரைக்கு இது நன்றாகத் தெரியும். 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியை டவுன்லோட் செய்வதற்குத் தடை விதிக்கச் சொன்னது. சில நாளில் கூகுளும் ஆப்பிளும் அதைக் கடையிலிருந்து எடுத்தன. அலமாரியிலிருந்து எடுத்தார்களே தவிர, ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் ஆடிப் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஏப்ரல் 24-இல் தடை நீங்கியது. 2022 ஜூலை 28-இல் அரசின் உத்தரவால் பிஜிஎம்ஐ கடைகளிலிருந்து காணாமல் போனபோதும் அப்படியே. போனில் இருந்தவர்களுக்கு ஆட்டம் உடனே நின்றுவிடவில்லை.

அதன்பின் நடந்தது இந்தக் கட்டுரையின் கேள்வியையே தலைகீழாகப் புரட்டிப்போட்டது. 2023 மே மாதம் பிஜிஎம்ஐக்கு அனுமதி கொடுத்த மத்திய அரசு, அதை மூன்று மாதச் சோதனைக்கு மட்டும் என்று கொடுத்தது. சர்வர் எங்கே இருக்கிறது, தரவு பாதுகாப்பாக இருக்கிறதா, ஆடுபவர்கள் அடிமையாகிறார்களா, பாதிப்பு உண்டா என்று கண்காணிக்கப்போவதாக அப்போதைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் அறிவித்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளியீடு முடிந்து, 10 கோடிப் பேர் பதிவு செய்திருந்த ஒரு விளையாட்டு மறுபடி வெள்ளோட்டத்துக்கு வந்து நின்றது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று வரம்பும் வந்தது. இந்தச் சோதனையின் கேள்விகள் லேக் அடிக்கிறதா, சர்வர் தாங்குகிறதா என்பவை அல்ல; பிள்ளைகள் தாங்குகிறார்களா என்பது. பீட்டா என்றால் உண்மையில் இதைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும்.

கடைசியாக, வராமலே போன ஒரு வெளியீடு.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பிஜிஎம்ஐயைவிட மலிவான போன்களில் ஓடிய ஆட்டம் ‘ஃப்ரீ ஃபயர்’. சிங்கப்பூரின் கரீனா நிறுவனத்துடையது. 2022 பிப்ரவரியில் அரசு அதைத் தடை செய்தது. அதன் மெருகேற்றிய பதிப்பான ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ தடைப் பட்டியலில் இல்லை. பிள்ளைகள் பழைய கணக்கோடு அதற்குள் போய்விட்டார்கள். 2023 ஆகஸ்ட் 31-இல் கரீனா ஒரு பெரிய அறிவிப்பு வெளியிட்டது. ‘ஃப்ரீ ஃபயர் இந்தியா’ செப்டம்பர் 5-ஆம் தேதி வரும். மகேந்திரசிங் தோனி அதன் தூதர். தரவுகளை இந்தியாவிலேயே வைப்போம். பெற்றோர் கண்காணிக்கச் சரிபார்ப்பு முறை, ஆடும் நேரத்துக்கு வரம்பு, இடையில் ஓய்வெடுக்க நினைவூட்டல் எல்லாம் இருக்கும். செப்டம்பர் 5-க்கு முன்பே, மெருகேற்ற இன்னும் சில வாரம் வேண்டும் என்று தள்ளிவைத்தார்கள். அந்தச் சில வாரம் 2024 முடிந்தும் முடியவில்லை.

வெளியீடு வராததால் ஆடுபவர்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. கையில் மேக்ஸ் இருக்கிறது. நட்டம் வேறு இடத்தில். அந்த இந்தியப் பதிப்போடு வருவதாகச் சொன்ன பூட்டுகள், நேர வரம்புகள், பெற்றோர் ஒப்புதல்கள் எல்லாம் அந்தத் தேதியோடு கட்டிவைக்கப்பட்டிருந்தன. தேதி தள்ளிப்போனபோது அவையும் சேர்ந்தே தள்ளிப்போயின. செல்லூரில் இரவு பத்தரை மணிக்கு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து, முகத்தில் திரை வெளிச்சம் விழ ஆடிக்கொண்டிருக்கும் நாலு பையன்களை எழுப்பி உள்ளே அனுப்புவது இன்னமும் கீழ்வீட்டிலிருந்து வரும் அம்மாவின் குரல்தான். “இந்த மேட்ச் மட்டும்மா” என்ற பதிலும் வழக்கம்போல வருகிறது.